பைலட் ஆகாமலே உயரத்திலிருந்து படமெடுக்கும் தொழில்: 9 மீட்டர் கம்பமும் ஒரு வாடகை டிரோனும்

மனை விற்பவருக்கும், வீடு கட்டித் தரும் இன்ஜினியருக்கும், கல்யாண மண்டப முதலாளிக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் இடம் எப்படித் தெரியுமோ, அந்தப் படம். அதற்குப் பெரும்பாலும் 8, 9 மீட்டர் உயரம் போதும். 100 மீட்டருக்குப் போனால் வீட்டின் முகப்பு மறைந்து, மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான் படத்தில் நிற்கும். ஆகவே இந்தத் தொழிலைத் தொடங்க விமானமோ டிரோனோ ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளும் கம்பத்தின் நுனியில் கேமராவை ஏற்றி, தரையில் நின்றபடியே எடுக்கலாம். கம்பத்துக்கு எட்டாத வேலை வந்தால் சான்றிதழ் பெற்ற டிரோன் பைலட்டை அந்த நாளுக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். கீழே உள்ளதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதியது.

எந்த வேலை கம்பத்தில் முடியும்?

போனில் வேலை வரும்போது முதலில் கேட்க வேண்டியது, இடத்தின் நீளம். கேமரா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி உள்ள தரை சுமார் 10 பாகை கீழ்நோக்கித் தெரியும். அதற்கும் அப்பால் போகப்போகத் தரை நசுங்கிவிடும். மனைக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல் விழும். எனவே கேமரா உயரத்தைப்போல் ஐந்தரை மடங்கு தூரம் வரைதான் கம்பத்தின் ராஜ்ஜியம்.

ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 40-க்கு 60 அடி, அதாவது 12-க்கு 18 மீட்டர். முன்னால் 30 அடி ரோடு இருக்கிறது என்றால், ரோட்டின் எதிர் ஓரத்தில் கம்பத்தை நிறுத்தினால் மனையின் முன் எல்லை 9 மீட்டரிலும் பின் எல்லை 27 மீட்டரிலும் வரும். 24 மி.மீ. லென்ஸை 20 பாகை கீழே சாய்த்தால் முன் எல்லையில் 17 மீட்டர் அகலம் தெரியும். 12 மீட்டர் மனை இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மேலே கொஞ்சம் வானமும் கிடைக்கும். அதே கம்பத்தோடு ஒரு ஏக்கர் லேஅவுட்டுக்குப் போனால் கதை வேறு. சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். ஒரே படத்தில் அடக்க முடியாது. அது டிரோன் வேலை, அப்படியே சொல்லிவிடுங்கள்.

கட்டட முகப்புக்கு வேறு கணக்கு. கட்டடத்தின் உயரத்தில் பாதி அளவுக்குக் கேமராவை ஏற்றி, சாய்க்காமல் மட்டமாக வைத்தால் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் கட்டடம் பின்னால் சாய்வதுபோல் வரும், டிரோனிலிருந்து குனிந்து எடுத்தால் அடிப்பக்கம் குறுகும். தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள கட்டடம் 12, 13 மீட்டர் இருக்கும். அதற்கு 6 மீட்டர் கம்பமே போதும். இந்த ஒரு விஷயத்தில் கம்பம் டிரோனைவிட மேல். டிரோனும் 6 மீட்டரில் நிற்கும்தான், ஆனால் வேப்பமரக் கிளைக்கும் கேபிள் டிவி ஒயருக்கும் நடுவே நிறுத்திவைக்க எந்த பைலட்டும் ஆசைப்பட மாட்டார்.

வாங்க வேண்டியவை

கம்பத்துக்கென்று தனிக் கடை தேடி அலைய வேண்டாம். சோலார் பேனல் கழுவவும் கண்ணாடிக் கட்டடம் துடைக்கவும் விற்கும் நீளும் கம்பங்கள் இதற்குப் பொருந்தும். அலுமினியம் மலிவு, ஆனால் கனம்; மின்சாரத்தைக் கடத்தும். கார்பன் ஃபைபர் லேசானது, வளையாது, விலை அதிகம். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஃபைபர் கிளாஸ் சற்று வளையும், உலர்ந்து சுத்தமாக இருக்கும்வரை மின்சாரம் கடத்தாது. தொடங்குபவர்களுக்கு 9 மீட்டர் ஃபைபர் கிளாஸ் கம்பம் நல்லது. எடை 4 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மடக்கிய நீளம் 2 மீட்டருக்குள் இருந்தால்தான் காருக்குள் வைக்கலாம், பஸ்ஸில் ஏற்றலாம். கடையிலேயே முழுதாக நீட்டிப் பார்த்து, ஒவ்வொரு பூட்டையும் இறுக்கி, கையால் அழுத்திப் பாருங்கள். வழுக்கினால் வேறு கம்பம் கேளுங்கள்.

துடைப்பான் மாட்டும் நுனியில் கேமரா ஏறாது. லேத் பட்டறையில் ஒரு நைலான் கட்டையைக் கடைந்து, ஒரு பக்கம் கம்ப நுனிக்குள் நுழையும்படியும், மறுபக்கம் கால் அங்குலத் திருகு நீட்டும்படியும் செய்யச் சொல்லுங்கள். கேமராக்களின் அடியில் உள்ளது கால் அங்குலத் துளை, அங்குலத்துக்கு 20 மரை. கையோடு ஒரு கேமராவையோ டிரைபாடு தலையையோ கொண்டுபோய்க் காட்டுவது உத்தமம். வாயால் சொன்னால் வேறு மரை வெட்டிவிடுவார்கள். கட்டைக்கும் கம்பத்துக்கும் குறுக்கே ஒரு போல்ட் ஓடவிட்டு நட்டால் இறுக்குங்கள். பசை மட்டும் போதாது, வெயிலில் விட்டுவிடும்.

கேமராவும் தலையும் சேர்ந்து 700 கிராமுக்குள் இருக்கட்டும். பழைய சிறிய மிரர்லெஸ் கேமரா, அகல லென்ஸ், வைஃபையில் போனோடு இணையும் வசதி இருந்தால் சிறப்பு. 150 கிராம் சொச்சம் உள்ள ஆக்‌ஷன் கேமராவும் தொடக்கத்துக்கு ஓடும். ஆனால் நேர்க்கோடுகள் வளையாத லீனியர் அமைப்பில்தான் எடுக்க வேண்டும். 360 கேமராவும் கம்பத்துக்கு நன்றாக ஒத்துவரும். கம்பமே படத்தில் மறைந்துவிடும், இணையத்தில் சுற்றிப் பார்க்கும் படமாகக் கொடுக்கலாம்.

மற்றவை: 4 மி.மீ. நைலான் கயிறு 10 மீட்டர் வீதம் மூன்று, அரை மீட்டர் கம்பி முளை மூன்று, சுத்தியல், கொத்தனார் ரசமட்டம், ஹெல்மெட் இரண்டு, ஆரஞ்சு கோன் நான்கு, பேட்டரி மூன்று, மெமரி கார்டு இரண்டு, கேமராவைக் கம்பத்தோடு கட்டும் பாதுகாப்புக் கயிறு ஒன்று. தார் ரோட்டிலும் கான்கிரீட் தளத்திலும் முளை இறங்காது. அங்கே மூன்று 20 லிட்டர் வாட்டர் கேனைப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கயிற்றைக் கட்டினால் ஒவ்வொன்றும் 20 கிலோ நங்கூரம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிறுத்தும் முறை

1. முதலில் மேலே பாருங்கள். மின்கம்பி இருக்கிறதா என்பதைக் கம்பத்தைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். விவரம் அடுத்த பகுதியில்.

2. கோன்களை வையுங்கள். உதவியாளர் ஒருவர் கட்டாயம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு போன் திரையைப் பார்ப்பவருக்கு, பின்னால் வரும் டாடா ஏஸ் தெரியாது.

3. கம்பம் மடங்கிய நிலையிலேயே கேமராவை மாட்டி, போனோடு இணைத்து, ஃபோகஸ் பூட்டி, இரண்டு படம் எடுத்துச் சரிபாருங்கள். மேலே போனபின் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தவறுக்கும் ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும்.

4. பாதுகாப்புக் கயிற்றைக் கேமராவின் வளையத்தில் கட்டி மறுமுனையைக் கம்பத்தில் முடியுங்கள். திருகு தளர்ந்தாலும் கேமரா யார் தலையிலும் விழாது.

5. கம்பத்தைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்லிய நுனித் துண்டை முதலில் நீட்டிப் பூட்டுங்கள். பிறகு அதற்குக் கீழே உள்ளது. பூட்டு எப்போதும் உங்கள் கைமட்டத்திலேயே இருக்கும். அடித்துண்டை முதலில் நீட்டிவிட்டால் மற்றப் பூட்டுகள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். புதியவர்கள் எல்லாரும் செய்வது இது.

6. கயிறுகளைக் கம்பத்தில் தளர்வாகச் சுழலும் ஒரு வளையத்தில் கட்டுங்கள். வளையம் சுமார் 5 மீட்டர் உயரத்தில் வரட்டும். மூன்று கயிறும் ஒன்றுக்கொன்று 120 பாகையில், அடியிலிருந்து குறைந்தது இரண்டரை மீட்டர் தள்ளி முளையடிக்கப்பட வேண்டும். வளையம் சுழன்றால்தான் கயிற்றை அவிழ்க்காமல் கேமராவைத் திருப்பலாம்.

7. ரசமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பாருங்கள். கயிறில்லாமல் கையில் பிடித்தால் 4 கிலோ கம்பம் 5 பாகை சாயும்போது கைக்கு வரும் பாரம் ஒன்றரைக் கிலோ சொச்சம்தான். 15 பாகை சாய்ந்தால் 5 கிலோ, அதுவும் பக்கவாட்டில். அந்த நிலைக்குப் போன கம்பத்தை ஒற்றைக் கையால் மீட்க முடியாது.

8. கம்பத்தின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று திரும்பும். அடியில் நீங்கள் பார்க்கும் திசையும் மேலே கேமரா பார்க்கும் திசையும் மாறிப்போகும். மடக்கிய நிலையில் எல்லாத் துண்டிலும் ஒரே நேர்க்கோட்டில் சிவப்பு டேப் ஒட்டிவைத்தால், நீட்டும்போது கோடு கலைகிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

இறக்கும்போது அடித்துண்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டே மடக்குங்கள். பூட்டு வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம் இல்லை, உள்ளே போன மணல். எண்ணெய் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மின்கம்பி

இந்தத் தொழிலில் உயிரை எடுக்கக்கூடியது ஒன்றுதான். நம் ஊர்த் தெருக்களில் வீட்டு இணைப்புக்கான எல்டி லைனும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் 11,000 வோல்ட் லைனும் பல இடங்களில் உறையில்லாத கம்பிகள். 11,000 வோல்ட் லைனை நேரடியாகத் தொட வேண்டும் என்பதில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும்.

கடைப்பிடிக்க வேண்டிய அளவு எளிது: கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் கம்பியைத் தொடக் கூடாது. கம்ப நீளம் 9 மீட்டர் என்றால், கம்பியிலிருந்து தரையில் அளந்து 9-உம், கூட 3-உம், ஆக 12 மீட்டர் தள்ளித்தான் நிறுத்த வேண்டும். ஃபைபர் கிளாஸ் கம்பமாயிற்றே என்று இந்த அளவைக் குறைக்காதீர்கள். காலைப் பனியில் நனைந்த கம்பமும், வியர்வையும் தூசியும் படிந்த கம்பமும் மின்சாரத்தைக் கடத்தும்.

நகரத்துத் தெருக்களில் இந்த 12 மீட்டர் பெரும்பாலும் கிடைக்காது. அப்போது மூன்று வழி. காம்பவுண்டுக்கு உள்ளே போய் எதிர் மூலையிலிருந்து எடுக்கலாம். எதிர்வீட்டு மொட்டை மாடியில் அனுமதி கேட்டு, கம்பத்தை 3 மீட்டர் மட்டும் நீட்டலாம். அங்கேயும் அதே கணக்கு, 3-உம் 3-உம் ஆறு மீட்டர். இரண்டும் முடியாதென்றால் வேலையை விட்டுவிடலாம். மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்துக்கு இரண்டு மீட்டருக்குள் போக வேண்டாம். திரையைப் பார்த்தபடி பின்னால் காலெடுத்து வைப்பது பழக்கமாகவே வரும்.

தப்பித் தவறிக் கம்பம் லைனில் சாய்ந்துவிட்டால் யாரும் கிட்டே போகக் கூடாது, இழுக்கக் கூடாது. கூட்டத்தை விலக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐக் கூப்பிடுங்கள். வயர்மேன் வந்து லைனை நிறுத்திய பிறகுதான் கம்பத்தில் கை.

இடி முழக்கம் காதில் விழுந்தால், மழை வராவிட்டாலும், கம்பத்தை மடக்குங்கள். சித்திரை, வைகாசியில் உள்மாவட்டங்களில் பிற்பகலுக்கு மேல் திரளும் கோடை மழைக்கு இது முக்கியம்.

காற்றும் வெயிலும்

காற்றின் வேகம் இரட்டிப்பானால் கம்பத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மீட்டர் வாங்கத் தேவையில்லை. இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; கயிறு கட்டி வேலை செய்யலாம். தரையில் புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது, நிறுத்திவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உள்ள பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக்கும், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கெல்லாம் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடிப்பதுதான் வழி. சென்னை, கடலூர், நாகைப் பக்கம் கடற்காற்று வருமுன், காலையிலேயே.

வெயிலின் திசையை வாடிக்கையாளர் யோசித்திருக்க மாட்டார், நீங்கள்தான் யோசிக்க வேண்டும். கிழக்குப் பார்த்த வீட்டை காலை 7 முதல் 9-க்குள் எடுங்கள். மேற்குப் பார்த்தது மாலை 4-க்கு மேல். தெற்குப் பார்த்த வீட்டுக்கு மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்க முகப்பில் வெளிச்சம். தகராறு வடக்குப் பார்த்த வீடுதான். வாஸ்து பார்த்துக் கட்டியவை நிறைய அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், முகப்பில் வெயில் படும். ஐப்பசி முதல் மாசி வரை முகப்பு முழு நாளும் நிழலில், பின்னால் வானம் பளீரென்று இருக்கும். அந்த மாதங்களில் பகலில் எடுத்து எடிட்டிங்கில் மல்லுக்கட்டுவது வீண் வேலை. வீட்டு விளக்குகளையெல்லாம் போடச் சொல்லி, சூரியன் மறைந்த 15, 20 நிமிடத்தில் எடுங்கள். படம் பகலில் எடுப்பதைவிட அழகாகவே வரும்.

கேமரா அமைப்பு

ஷட்டர் 1/500-க்குக் குறையக் கூடாது. நுனி எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப் 8, ஐஎஸ்ஓ 200 முதல் 400. அகல லென்ஸில் 5 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து மேனுவலில் பூட்டிவிட்டால் இரண்டு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். ஆட்டோ ஃபோகஸை விட்டுவைத்தால் முன்னால் ஆடும் தென்னை மட்டையைப் பிடித்துக்கொள்ளும். ரா (RAW) வடிவத்தில், வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று மூன்றாக எடுங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று தடவை. அதில் ஒன்று ஆடாமல் கிடைக்கும். மாலை வெளிச்சத்தில் 1/500 கிடைக்காது. அப்போது கயிறு கட்டி, காற்றே இல்லாத நேரம் பார்த்து, 1/60-இல் பத்துப் படம் எடுத்துத் தேறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் திடீரென்று இணைப்பை விட்டால், நீங்கள் கம்பத்துக்கு நேர்க்கீழே நின்று உடம்பால் சிக்னலை மறைக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டடி தள்ளி நின்றால் திரும்ப வரும். வராவிட்டால் கேமராவின் இடைவெளிப் படமெடுப்பை, 3 விநாடிக்கு ஒன்று என்று வைத்து ஏற்றிவிடுங்கள்.

வீடியோ கேட்பார்கள். கம்பத்திலிருந்து எடுத்த வீடியோ ஆடும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிரோன் தேவைப்படும்போது

டிரோன் ரூல்ஸ் 2021 நடைமுறைக்கு வந்தது 2021 ஆகஸ்ட் 25-இல். எடையை வைத்துப் பிரிவு: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். கூலிக்குப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். நானோவுக்குச் சான்றிதழ் தேவையில்லை. டைப் சர்டிஃபிகேட் என்ற மாடலுக்கான தரச் சான்றும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்சும் கூட நானோவுக்கு விலக்கு. ஆனால் யுஐஎன் என்ற பதிவு எண் விலக்கில் இல்லை. அதற்குக் கட்டணம் ₹100.

இதைப் படித்ததும் எல்லாருக்கும் வரும் எண்ணம், 249 கிராமில் வரும் வெளிநாட்டு டிரோன் ஒன்றை வாங்கிவிடலாமே என்பது. அங்கேதான் சிக்கல். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வது தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. துபாயிலிருந்து உறவினர் பெட்டியில் கொண்டுவந்தால் கஸ்டம்ஸில் பிடித்து வைப்பார்கள். பில் இல்லாமல் வாங்கியதற்குப் பதிவு எண் வாங்குவதும் கஷ்டம். தொழிலுக்கு அது ஆகாது. ஒரு புகார் போதும், டிரோனும் போய்ப் பெயரும் போகும். விதிமீறலுக்கு அபராதம் ₹1 லட்சம் வரை.

ஆகவே முதல் வருடம் பைலட்டை அமர்த்துவதே கணக்குக்குச் சரி. யாராக இருந்தாலும் நான்கு தாள் கேளுங்கள்: அவருடைய ரிமோட் பைலட் சான்றிதழ், டிரோனின் யுஐஎன், அந்த மாடலுக்கான டைப் சர்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ். பைலட் சான்றிதழ் 10 வருடம் செல்லும். அதில் எழுதியிருக்கும் டிரோன் பிரிவும் கொண்டுவரும் டிரோனும் ஒன்றா என்று பாருங்கள். யுஐஎன் டிரோனின் உடம்பில் ஒட்டியிருக்கிறதா என்று களத்தில் ஒருமுறை பாருங்கள். இவற்றின் போட்டோவை உங்கள் போனில் வைத்திருந்தால் காவலர் வந்து கேட்கும்போது பேச்சு சுருங்கும்.

இடத்தைப் பார்ப்பது உங்கள் வேலை, பைலட்டிடம் விடாதீர்கள். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் டிரோன் வரைபடத்தில் பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி மட்டுமே பச்சை. 8 கி.மீ.க்குள் முன் அனுமதி வேண்டிய மஞ்சளோ சிவப்போதான். சென்னையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வேலை வந்தாலே எச்சரிக்கையாக இருங்கள். சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்கள், அரக்கோணம் கடற்படைத் தளம், கல்பாக்கம், கூடங்குளம் பக்கமும் அப்படியே. வரைபடம் பச்சையாக இருந்தாலும் விஐபி வருகைக்காக நகரக் காவல்துறை சில நாட்களுக்குத் தடை போடும்; முதல் நாள் அந்தப் பகுதி ஸ்டேஷனில் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. காட்டுப் பகுதி ரிசார்ட் என்றால் வனத்துறையைக் கேட்காமல் போகாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறை (ஏஎஸ்ஐ) பராமரிக்கும் கோயில்களில் முக்காலிக்கே முன் அனுமதி கேட்பார்கள், கம்பத்தைச் சொல்லவே வேண்டாம்.

பைலட்டோடு பேசும்போது நாள் கூலியா, வேலைக்கு இவ்வளவா, மழை வந்தால் யார் செலவு, மெமரி கார்டு யாரிடம் போகும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலை, உயரத்தோடும் திசையோடும், நீங்கள் கொடுங்கள். பறப்பது அவர் வேலை. எந்தப் படம் விற்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு நீங்களே சான்றிதழ் எடுக்க நினைத்தால், 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படிக்க வேண்டும்.

வேலை, விலை, பில்

ஒருமுறை வந்து போகும் வீட்டுக்காரரைவிட, திரும்பத் திரும்ப வரும் பில்டர்தான் தொழிலை நிறுத்திவைப்பார். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது 8 வீட்டுக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தின் நிலையை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். எங்கேயோ இருந்து பணம் கட்டும் வாங்குபவர்களுக்கும் அதே படம் தேவை. வருடத்துக்கு நான்கு தடவை என்று ஒப்பந்தம் பேசுங்கள், தனித்தனி விலையைவிடக் குறைத்தே கொடுக்கலாம். அடுத்து கல்யாண மண்டபம், பள்ளி, அரிசி ஆலை, நூற்பாலை, பெட்ரோல் பங்க். கும்பாபிஷேகக் கூட்டத்துக்குள் கம்பம் வேண்டாம். தள்ளுமுள்ளில் கயிறு தடுக்கும்.

விலைக்கு அடுத்தவர் ரேட்டைப் பார்க்கும் முன் உங்கள் செலவைப் போடுங்கள். உதாரணத்துக்கு, முதலீடு ₹60,000, அது 150 வேலைக்கு ஓடும் என்றால் ஒரு வேலைக்குத் தேய்மானம் ₹400. உதவியாளர் ₹700, பெட்ரோல் ₹200. போக வர, எடுக்க, எடிட் செய்ய என்று ஆறு மணி நேரம். உங்கள் மணிக்கு ₹250 என்றால் ₹1,500. மொத்தம் ₹2,800 ஆகிறது. இதற்குக் கீழே போகிற ஒவ்வொரு வேலையும் கைக்காசு. காற்றால் திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்து இதன்மேல் கால் பங்கு ஏற்றிச் சொல்லுங்கள். பாதி முன்பணம், மீதி படம் கொடுக்கும்போது.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் போதும். காசு கேட்கும் போலி இணையதளங்கள் உண்டு, கவனம். சேவைத் தொழிலுக்கு வருட வரவு ₹20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கம்பெனிகள் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக்கொண்டு கொடுக்கும். பில்லில் பான் எண் இல்லாவிட்டால் அதிகமாகப் பிடிப்பார்கள்.

விலைப்பட்டியலில் எல்லாரும் மறக்கும் ஒரு வரி உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அதாவது நீங்கள் எடுத்த படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடவே அவர் அனுமதி வேண்டும். "படங்களை எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்" என்று ஒரு வரி சேர்த்து, ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படம் கொடுக்கும்போது

அடிவானத்தை நேராக்குங்கள், லென்ஸ் வளைவை நீக்குங்கள், நிறத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். குப்பையையும் நிறுத்தியிருந்த பைக்கையும் அழிக்கலாம். மின்கம்பியை அழிக்கச் சொல்வார்கள். மனைப் படத்தில் அதைச் செய்யாதீர்கள். மனைக்கு மேலே 11,000 வோல்ட் லைன் போவது வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அதை மறைத்த படம் நாளைக்கு வழக்கில் ஆதாரமாகி நிற்கும். எல்லைக்குச் சிவப்புக் கோடு போடச் சொன்னால், எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தை வாங்கி, மூலைக் கற்கள் படத்தில் தெரிந்தால் மட்டும் போட்டு, ஓரத்தில் "தோராயமானது" என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் ஆள் படத்தில் விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெரிய கோப்புகளுக்கு டிரைவ் இணைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் இடங்களுக்கு ஒரு நோட்டில், கம்பத்தின் அடி நின்ற இடம் இரண்டு நிலையான மூலைகளிலிருந்து எத்தனை மீட்டர், கேமரா உயரம், சாய்வு, லென்ஸ் அளவு, எடுத்த மணி ஆகியவற்றை எழுதிவையுங்கள். தரையில் பெயிண்ட் அடையாளமும் போடலாம், ஆனால் அடுத்த முறை போகும்போது அந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருப்பார்கள்.